அப்பாவின் கல்யாணமும் விரிசல் விட்ட தூணும்

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் பாதித் தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஏறிப்போன பெரியவள், அதற்கப்புறம் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் அவர் காபி போட்டு மாடிப்படியில் வைப்பார். அவள் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி அதே படியில் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அப்பாவும் மகளும் டம்ளர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்ததுதான். தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பா, பழைய மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அம்மாளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். அம்மா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அது இல்லை பிரச்சினை. தம்பிக்குத் தெரிந்து, தம்பி பெண்டாட்டிக்குத் தெரிந்து, மார்க்கெட்டில் வெங்காயம் விற்பவருக்குத் தெரிந்து, கடைசியாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கு வரன் தேடி அலைஞ்ச மனுஷர், கடைசியில தனக்கே முடிச்சுக்கிட்டு வந்துட்டார்" என்று தம்பியிடம் போனில் பொருமினாள். தம்பி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். சொல்லிடு."

சொன்னாளே தவிர, கல்யாணத்தன்று காலையில் மார்க்கெட் மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவள்தான்.

நகராட்சியில் பழங்கட்டடப் பிரிவு இன்ஜினியர் அவள். 'மேல்மாடத்தில் பேண்ட் செட் ஏறப்போகிறது, கூட்டம் ஏறப்போகிறது, ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம்' என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். பையில் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இஸ்திரி போட்ட புதுத் துணியும் இருந்தது.

மண்டபத்தை வியாபாரிகள் இன்றைக்கு ஒருநாள் காலி செய்து கொடுத்திருந்தார்கள். எல்லாரும் பாத்திரக்காரம்மா கட்சி. கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் சல்லடையில் சலித்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தது. இருபக்கமும் வரிசையாக வார்ப்பிரும்புத் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் இலையும் கொடியுமாக வார்த்த கைகள். அந்தக் கைகளின் மேல்தான் மேல்மாடத்தின் உத்திரங்கள் உட்கார்ந்திருந்தன. தூண்களுக்கு உள்ளே வெற்றிடம். கூரையில் விழும் மழைத் தண்ணீர் அவற்றுக்குள்ளேயே இறங்கி நிலத்தடிச் சாக்கடைக்குப் போய்விடும். மழை நாளில் மார்க்கெட் பிள்ளைகள் தூணில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

தம்பியின் ஆட்கள் நேற்றே வந்து தூண்களுக்குத் துணி சுற்றிப் பூச்சரம் கட்டியிருந்தார்கள். பாத்திரக்கடைக்கு நேர் முன்னால் இருந்த தூணின் அடியில் மட்டும் தரையில் பச்சைப் பச்சையாய் ஏதோ உதிர்ந்து கிடந்தது. இலைதான் என்று நினைத்துக் குனிந்தாள். இலை இல்லை. பெயிண்ட்.

அவள் கை நின்றது.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். துணியை விலக்கினாள். உத்திரத்தைத் தாங்கும் கைக்குச் சற்றுக் கீழே, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபடி கோட்டோடு போனாள். அது தூணைச் சுற்றிப் பாதி தூரம் வந்திருந்தது. ஒரு முனையில் பழைய துரு. மறு முனையில், இரும்பு சாம்பல் நிறத்தில் பளபளவென்று புதிதாக இருந்தது.

பழைய விரிசல் என்றால் பயமில்லை. இது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற விரிசல்.

இறங்கிப் பக்கத்துத் தூணைச் சுத்தியலால் லேசாகத் தட்டினாள். கணீரென்றது. அடுத்ததையும் தட்டினாள். அதுவும் கணீர். இந்தத் தூணுக்கு வந்து தட்டினாள். ஜலதோஷம் பிடித்தவன் தொண்டையைக் கனைத்தாற்போல் ஒரு சத்தம்.

"ஐயோ, இன்னைக்கா!" என்றாள் வாய்விட்டு.

நகராட்சி டெப்போவுக்குப் போன் போட்டு, முட்டுக் கொடுக்கிற இரும்பு ஜாக்கிகளையும் ஆட்களையும் உடனே அனுப்பச் சொன்னாள். தூணைச் சுற்றிச் சிவப்பு நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பி வந்துவிட்டான். தம்பிக்கு லைட் செட் தொழில். தோளில் வயர் சுருளும் முகம் நிறைய சந்தோஷமுமாக வந்தவன், நாடாவைப் பார்த்ததும் நின்றான்.

"அக்கா! வந்துட்டியா! வருவேன்னு எனக்குத் தெரியும். இது என்ன டெகரேஷன்?"

"டெகரேஷன் இல்லடா. தூண்ல விரிசல். மண்டபத்தை மூடணும்."

தம்பி வயரைத் தரையில் போட்டான். முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் அதோடு போட்டான்.

"எப்போ மூடணும்?"

"இப்போ."

"இத்தனை வருஷம் நின்ன தூண், இன்னைக்கு ஒரு நாள் நிக்காதா?"

"நிக்கலாம். நிக்காமலும் போகலாம். மேல பேண்ட் செட்டும் கூட்டமும் ஏறினா யாருக்குத் தெரியும்?"

"ஒரு வெல்டிங் வெச்சிட்டாப் போச்சு. நம்ம பையனைக் கூப்பிடறேன்."

"வார்ப்பிரும்புல அப்படித் தொடக்கூடாதுடா. வெல்டிங் சூட்டுல பக்கத்துல இன்னொரு விரிசல் விடும். நீ நினைக்கிற மாதிரி இது வளையற இரும்பு இல்லை. எவ்வளவு பாரம் வெச்சாலும் பேசாம தாங்கும். தாங்கித் தாங்கி ஒருநாள் சொல்லாம கொள்ளாம படார்னு உடையும்."

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ தூணைப் பத்திப் பேசறியா, உன்னைப் பத்திப் பேசறியா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"அக்கா, நான் கேக்கறது தப்புன்னா கன்னத்துல ஒண்ணு வை. ஆனா கேட்டுடறேன். வேணும்னு பண்ணலையே?"

அவள் அடிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வியைத் தம்பி கேட்பதற்கு முன்பே அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டுவிட்டாள். ஏணியின் மேல் நின்றபோது, அந்தக் கோட்டைக் கண்டதும், பயத்துக்கு அடியில் ஒரு கடுகளவு வேறு ஏதோ எட்டிப் பார்க்கவில்லையா? 'நல்லா வேணும்' என்பதுபோல் ஒன்று? பார்த்தது. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் மறுபடி ஏணியில் ஏறினாள். இந்தத் தடவை தன் கணக்கு தப்பாகப் போகட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டு ஏறினாள். பையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு முனையிலும் பசை வைத்து ஒட்டினாள்.

"என்ன பண்றே?"

"விரிசல் அசையலைன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். அசைஞ்சா உடையும். நானும் பொய் சொல்ல முடியாது, நீயும் பொய் சொல்ல முடியாது. உடையாம இருந்தா நீ சண்டை போடு. பசை காயட்டும்."

அக்காவும் தம்பியும் நாடாவுக்கு இந்தப் பக்கம் வந்து, சின்ன வயசில் அடை வைத்த முட்டையைப் பார்த்ததுபோல், கண்ணாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போயிற்று. கண்ணாடி அப்படியே இருந்தது. தம்பி மூச்சு விட ஆரம்பித்தான். அவளுக்கும், உண்மையைச் சொன்னால், நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அப்போதுதான் மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்த படிக்கட்டில் தடதடவென்று சத்தம். பேண்ட்காரர்கள் வந்துவிட்டார்கள். யாரையும் கேட்காமல், பெரிய முரசைத் தூக்கிக்கொண்டு மேல்மாடத்தில் இந்தப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

"வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று அவள் கத்தினாள்.

முரசு தூக்கியவருக்குக் காதில் விழவில்லை. இன்னும் நாலெட்டு வைத்து, "உஸ்ஸப்பா" என்று முரசைக் கீழே வைத்தார்.

டிக்.

சுண்டினாற்போல் ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி தூணில் ஒட்டிக்கொண்டிருக்க, மறு பாதி தரையில் விழுந்தது.

தம்பி நாடாவை விட்டு இரண்டடி பின்னால் போனான்.

"இன்னும் சண்டை போடணுமா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார்.

சாம்பல் நிறக் கோட்டு. சட்டைப்பையில் ஒரு பூ. ஷூவை அவரே பாலிஷ் போட்டிருப்பார். அதில் கண்ணாடிக் கூரையே தெரிந்தது. பின்னால் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டமாக. அவர் மகளைப் பார்த்தார். சிவப்பு நாடாவைப் பார்த்தார். ஏணியை, அவிழ்ந்து கிடந்த பூச்சரத்தை, மகனின் வெளிறிய முகத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ, "பாத்தியா, நான் சொல்லல?" என்று கிசுகிசுத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது.

பெரியவள் பேச வாயெடுத்தாள். ஒரு வாரமாகப் பேசாத வாய். எங்கிருந்து ஆரம்பிப்பது?

"அப்பா... தூண் விரிசல் விட்டிருக்கு."

ஏன், எப்போது, நிஜமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மேல ஆள் இருக்கா?"

அவ்வளவுதான். கோட்டைக் கழற்றி, பாத்திரக்கடை பலகையில் போட்டார். மாப்பிள்ளை போய்விட்டார், தீயணைப்பு வண்டிக்காரர் வந்துவிட்டார். எரியும் கட்டடங்களில் இந்த மாதிரித் தூண்கள் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூடேறிய தூணில் தண்ணீர் பட்டதும் அது வெடித்த சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவர் அவர்.

"முரசை அங்கேயே விடுங்க. ஆமா, அது விழுந்தா நான் வாங்கித் தரேன். ஒவ்வொருத்தரா, சுவரை ஒட்டி வாங்க. ஓடக்கூடாது. குதிக்கக்கூடாது. முரசுக்காரரே, நீங்க பெரிய உடம்பு, கடைசியா வாங்க, கோவிச்சுக்காதீங்க." குரலில் அவசரமும் இல்லை, அதட்டலும் இல்லை. பேண்ட்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக இறங்கி வந்தார்கள்.

எல்லாரும் வெளியே போனபின், பின்வாசல் வழியாக வந்து கடைக்குள் உடுத்திக்கொண்டிருந்த இன்னொரு ஆள் வெளியே வந்தது. கல்யாணப் பெண்.

பாத்திரக்காரம்மா ஊதா நிறத்தில் உடுத்தியிருந்தாள். கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. பின்னால் அவள் கடை: இரும்பு வாணலிகளும் கெட்டில்களும் கூரைவரை அடுக்கியிருந்தன. பெரியவள் அவளோடு தனியாகப் பேசியதே இல்லை. இன்றைக்கு வேறு வழி இல்லை.

"நீங்களும் வெளியே போகணும்" என்றாள் பெரியவள். "உங்க கடை சரியா இதுக்கு அடியில இருக்கு."

"போறேன்."

"உங்க கல்யாணத்தை நிறுத்தணும்னு நான்..."

"அதெல்லாம் நான் நினைக்கல."

"எல்லாரும் நினைக்கறாங்க. என் தம்பியே நினைச்சான்."

பாத்திரக்காரம்மா சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாகத் தெற்றியிருந்தது. சிரித்தால் பத்து வயசு குறைந்தது. "உனக்கு என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளும்மா நீ. தூணைப் பிடிச்சு ஆட்டற ஆளு இல்லை. அது எனக்குத் தெரியாதா?"

பெரியவள் குனிந்து, தரையில் கிடந்த பூச்சரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கல்லாப் பலகையை மட்டும் எடுத்துக்கலாமா? கையெழுத்துப் போட ஒரு மேஜை வேணும்ல?" என்று கேட்டாள் பாத்திரக்காரம்மா.

கல்லாப் பலகை என்பது பழைய தையல் மிஷினின் வார்ப்பிரும்புக் காலின் மேல் போட்ட மரப்பலகை. பெரியவள் தலையாட்டியதும், பேண்ட்காரர்களில் நாலு பேர் தூணை விட்டு விலகிப் பின்வாசல் வழியாக வந்து, முக்கி முனகி அதை வெளியே தூக்கிப் போனார்கள். இரும்பா இது, பாறையா என்று அவர்கள் அங்கலாய்த்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

கல்யாணம் தெருவுக்கு வந்துவிட்டது. மண்டபத்துக்கு எதிரே, தெருவிளக்குக் கம்பங்களுக்கு நடுவில் தம்பி சரவிளக்கைக் கட்டினான். பட்டப்பகலில் எதற்கு என்று கேட்டவர்களிடம், "கட்டின கூலிக்கு எரியட்டும்" என்றான். நாற்காலிகள் வந்தன. பதிவாளர் வந்தார். எல்லாம் தயார்.

மணமகன் மட்டும் உட்காரவில்லை.

"பொண்ணு வரட்டும்" என்றார்.

"பொண்ணு இங்கேதானே உட்கார்ந்திருக்கு?" என்றார் பதிவாளர்.

"அந்தப் பொண்ணு இல்லை சார். என் பொண்ணு."

அந்த 'என் பொண்ணு' மண்டபத்துக்குள் இருந்தாள். ஜாக்கி வண்டி வந்துவிட்டது. உத்திரத்துக்கு அடியில் முட்டுகளை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திருகி இறுக்கவேண்டும். அதிகம் இறுக்கினால் உத்திரம் தூக்கிக்கொள்ளும். குறைந்தால் பாரம் தூணிலேயே நிற்கும். அவள் ஒவ்வொரு திருகையும் தன் கையாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நேராக வாசல் நாடாவரைக்கும் வந்தார்.

"நாடாவைத் தாண்டாதீங்க அப்பா."

"தாண்டல." நின்றார். "இங்கிருந்து பேசலாமில்ல?"

அவள் திருகை விடாமல் தலையாட்டினாள்.

"பாப்பா, உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"எரியற வீட்டுக்குள்ள போனவருக்கு என்ன பயம்?"

"தீ கோவிச்சுக்கிட்டு, தட்டைத் தள்ளிட்டு எழுந்து போகாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. துரு ஒட்டிய கையால் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் செம்மண் பூசினாற்போல் ஒரு தடம்.

"எனக்கு அவங்களைப் பிடிக்காம இல்லப்பா. என்னை விட்டுட்டீங்களேன்னுதான்."

"உன்னை விட்டுட்டு எங்கே போவேன்? உன்னை விட்டா இந்த ஊர்ல எனக்கு யாரு தூண் பாத்துச் சொல்லுவா?"

கடைசி முட்டு இறுகியது. அவள் தூணில் கையை வைத்துப் பார்த்தாள். பாரம் மாறிவிட்டது. இனி தூண் விட்டுவிட்டாலும் மாடம் நிற்கும்.

"போலாம்பா."

புதுத் துணி பையிலேயே இருந்தது. மாற்றிக்கொள்ள யாருக்கும் பொறுமை இல்லை. துருக்கறையோடேயே சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா கையெழுத்துப் போடும்போது, கால் தன்னை அறியாமல் தையல் மிஷினின் மிதியை மிதித்துவிட்டது. கீழே சக்கரம் சுழன்று, பலகை கிடுகிடுத்து, அவர் பெயரின் கடைசி எழுத்து வாலை நீட்டிக்கொண்டு ஓடியது. பதிவாளர் தலையில் அடித்துக்கொண்டார். பேண்ட்காரர்கள் முரசு இல்லாமலே வாசித்தார்கள். அவள் அப்பாவைக் கட்டிக்கொண்டபோது அவர் மறுபடி மாட்டியிருந்த கோட்டின் முதுகில் அவளுடைய விரல்கள் ஐந்தும் பதிந்தன. யாரும் அதைத் தட்டிவிடவில்லை.

"இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவே?" என்று பாத்திரக்காரம்மா கேட்டாள்.

"யோசிக்க டைம் குடுங்க."

"எடுத்துக்கோ. நான் எங்கேயும் போகல."

சாப்பாட்டுத் தட்டுகள் சுற்றிவர ஆரம்பித்தபோது அவள் போன் அடித்தது. பிரிவின் மேலதிகாரி. அவள் கம்பத்தோரம் ஒதுங்கினாள்.

"கேள்விப்பட்டேன். சபாஷ், சரியான நேரத்துல பிடிச்சே" என்றார் அவர். குரலில் அவளுக்குப் புரியாத ஒரு குதூகலம். "இந்த ஒரு சாக்குக்குத்தான் மேலிடத்துல காத்துக்கிட்டு இருந்தாங்க. மண்டபம் முழுக்க ஆபத்து, இடிச்சுத் தள்ளணும்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடு. அங்கே வேற கட்டடம் வரப்போகுது."

"சார், ஒரே ஒரு தூண். மத்ததெல்லாம் தட்டிப் பாக்கணும், ஆனா மண்டபத்தை இடிக்கவே வேண்டாம். விரிசல் நெடுகத் துளை போட்டு ஆணி ஆணியா இறக்கித் தைச்சுடலாம். நல்லா நிக்கும்."

"தைக்கிறதா? அது என்ன ரவிக்கையா?"

"நிஜமாவே தைக்கலாம் சார்."

எதிர்முனையில் குதூகலம் வற்றியது. "யோசிச்சுப் பேசும்மா. அங்கே கடை வெச்சிருக்கிற அம்மா இன்னைக்கு உங்க வீட்டுக்கு என்ன முறையா வந்திருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். நீ இடிக்க வேண்டாம்னு எழுதினா, எதுக்காக எழுதினேன்னு கேப்பாங்க. உன் வேலைக்கே உலை."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் மண்டபத்தைப் பார்த்தாள். காலையில், கல்யாணத்தைக் கெடுக்கத்தான் தூணைச் சாக்குச் சொல்கிறாள் என்றார்கள். நாளைக்கு, சொந்தக்காரியின் கடைக்காகத்தான் தூணைக் காப்பாற்றுகிறாள் என்பார்கள். தூண் என்னவோ இரண்டு வேளையும் அதே தூண்தான்.

பாத்திரக்காரம்மா ஒரு தட்டு நிறையச் சாப்பாட்டோடு அவளைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"யாரு போன்ல? முகம் ஏன் இப்படிப் போச்சு?"

ஆபீஸ், ஒன்றுமில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. பெரியவள் அதை விழுங்கினாள். தட்டை வாங்கி நாற்காலியில் வைத்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க" என்றாள். "கல்யாண நாளும் அதுவுமா இதைச் சொல்லக்கூடாது. ஆனா நாளைக்குள்ள நாம ரெண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தாகணும்."